தண்ணீர்மேல் கதிர் அடித்தால் வரும் எலெக்ட்ரானை எப்படி அளக்கிறார்கள்? (விவாத இழை)

தாமிரபரணி_ஆசிரியர்:

எல்லோருக்கும் வணக்கம். பன்னிரண்டாம் வகுப்புக்கு ஒளிமின் விளைவு நடத்திக்கொண்டிருந்தேன். உலோகத் தகடு, புற ஊதாக் கதிர், வெளியேற்று ஆற்றல் என்று வழக்கமான வரிசை. ஒரு மாணவி எழுந்து, "சார், தகடுக்குப் பதிலா தண்ணிமேல அடிச்சா எலெக்ட்ரான் வருமா?" என்று கேட்டாள். "வரும்மா, ஆனா அளக்கிறது கஷ்டம்" என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன். அன்றிலிருந்து அந்தக் கேள்வி மனசிலேயே இருக்கிறது.

எனக்குத் தெரிந்தவரை எலெக்ட்ரானை அளக்க வெற்றிடம் வேண்டும். வெற்றிடத்தில் தண்ணீரை வைத்தால் கொதித்து ஆவியாகிவிடும், மிச்சம் உறைந்துவிடும். அப்புறம் எதை அளப்பது? தண்ணீருக்குள் ஃபெம்டோ செகண்டில் (வினாடியைப் பத்துக் கோடி கோடியாகப் பிரித்தால் ஒரு பங்கு) நடக்கும் மாற்றங்களையும் இந்த வழியில் பார்க்கிறார்கள் என்று எங்கோ படித்தேன். தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள். அந்தப் பிள்ளைக்குச் சரியான பதில் கொடுக்க வேண்டும்.

துளித்தாரை:

சார், வணக்கம். நான் ஜெர்மனியில் ஒரு ஆய்வகத்தில் நான்கு வருஷம் இதே வேலைதான் பார்த்தேன். உங்கள் மாணவி கேட்டதை 1970-களில் ஸ்வீடனின் உப்சாலாவில் கேட்டிருக்கிறார்கள். எலெக்ட்ரான் நிறமாலையியலுக்காக 1981-இல் நோபல் பரிசு பெற்ற கை சீக்பானும், ஹான்ஸ் சீக்பானும் 1973-இல் ஒரு திரவத்தின் எலெக்ட்ரான் நிறமாலையை, அதாவது வெளிவரும் எலெக்ட்ரான்கள் எந்த ஆற்றலில் எத்தனை என்ற வரைபடத்தை, பதிவு செய்தார்கள். அது தண்ணீர் இல்லை, ஃபார்மமைடு. அதன் ஆவி அழுத்தம் மிகவும் குறைவு, அதனால் வெற்றிடத்தில் தாக்குப்பிடிக்கும்.

தண்ணீர் அப்படி வசப்படாது. 0 டிகிரியிலேயே அதன் ஆவி அழுத்தம் 6 மில்லிபார். அவ்வளவு ஆவிக்குள் ஒரு எலெக்ட்ரான் ஒரு மில்லிமீட்டர் கடப்பதற்குள் பத்துப் பதினைந்து தடவை முட்டிக்கொள்ளும். கொண்டுவந்த ஆற்றலை வழியிலேயே தொலைத்துவிட்டால் அது சொல்லும் சேதிக்கு மதிப்பில்லை.

வழி கண்டுபிடித்தவர் கோட்டிங்கன் நகரத்தின் மான்ஃப்ரெட் ஃபௌபல். 1988-இல் அவரும் அவர் கூட்டாளிகளும் தண்ணீரைப் பாத்திரத்தில் வைக்காமல், தலைமுடியைவிட மெல்லிய தாரையாக வெற்றிடத்துக்குள் பீய்ச்சினார்கள். 10, 20 மைக்ரோமீட்டர் தடிமன்தான். ஆவி மூலக்கூறு ஒன்று இன்னொன்றின்மேல் முட்டாமல் போகும் சராசரித் தூரமும் ஏறக்குறைய 10 மைக்ரோமீட்டர். தாரை அந்த அளவுக்கு மெலிந்துவிட்டால் கிளம்பும் ஆவி ஒன்றோடொன்று மோதிக் குமியாமல் நாலாபக்கமும் பறந்துவிடும். தாரையைவிட்டுத் தள்ளிப் போகப் போக ஆவியின் அடர்த்தி சட்டென்று இறங்கும். எலெக்ட்ரான் மில்லிமீட்டர் தூரத்தில் இருக்கும் சின்னத் துளை வழியாக அளவிக்குள் பத்திரமாகப் போய்ச் சேரும்.

உறைதல் பற்றிக் கேட்டீர்களே, தாரையின் வேகம் வினாடிக்கு 50 முதல் 100 மீட்டர். அது குளிர்ந்து உறைவதற்கு முன்பே நாம் கதிர் அடிக்கும் இடத்தைத் தாண்டிப் போய்விடும். ஒவ்வொரு லேசர் துடிப்புக்கும் புதுத் தண்ணீர் கிடைக்கும். இத்தனைக்கும் நிமிடத்துக்கு ஒரு மில்லிலிட்டர் செலவாகும், அவ்வளவுதான்.

1997-இல் இதே தாரையிலிருந்து திரவ நீரின் ஒளிஎலெக்ட்ரான் நிறமாலை வெளிவந்தது. 2004-இல் பெர்லினில் பெஸ்ஸி என்ற சிங்க்ரோட்ரானில் (எலெக்ட்ரான்களை வட்டத்தில் ஓடவிட்டு வலுவான கதிர் எடுக்கும் கருவி) பெர்ன்ட் வின்டரும் ஃபௌபலும் சேர்ந்து நீரின் வெளிக்கூட்டு எலெக்ட்ரான்கள் அனைத்தையும் பதிவு செய்தார்கள்.

தாமிரபரணி_ஆசிரியர்:

மேடம், ரொம்ப நன்றி. தாரையின் தடிமனை ஆவியின் மோதாத் தூரத்தோடு ஒப்பிட்டது மனசில் நன்றாகப் பதிந்துவிட்டது. ஒரு சந்தேகம். உலோகத்தைப் பூமியோடு இணைத்து மின்னூட்டத்தைச் சமன் செய்யலாம். தண்ணீரிலிருந்து எலெக்ட்ரான் போய்க்கொண்டே இருந்தால் அது நேர்மின்னூட்டம் ஏறி, வருகிற எலெக்ட்ரானை இழுத்துப் பிடிக்காதா?

துளித்தாரை:

நிச்சயம் இழுக்கும் சார். அதனால்தான் லிட்டருக்கு 3 கிராம் அளவு சாதாரண உப்பைக் கரைத்துவிடுவோம். தண்ணீர் மின்சாரம் கடத்தும், தாரையைக் கருவியோடு மின்னால் இணைத்துவிடலாம். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. நுண்ணிய துவாரத்தின் சுவரை உரசிக்கொண்டு வேகமாகப் பாயும்போதே தண்ணீரில் மின்னூட்டம் ஏறும். உப்பின் அளவு சரியாக அமைந்தால்தான் அது அடங்கும். கொஞ்சம் பிசகினாலும் நிறமாலை மொத்தமும் ஒரு பக்கம் நகர்ந்து உட்கார்ந்துவிடும், அதை உண்மையான ஆற்றல் என்று நம்பி ஏமாறலாம்.

சேர்ந்த புதிதில் நடந்ததைச் சொல்கிறேன். ஓடி முடிந்த தாரை எதிரே திரவ நைட்ரஜன் ஊற்றிக் குளிரவைத்த பொறியில் போய் விழுந்து உறையும். ஒருநாள் ராத்திரி தாரை லேசாகக் கோணியதை நான் கவனிக்கவில்லை. விழுந்த இடத்தில் பனி குமிந்து, அதன் நுனியிலிருந்து ஊசிபோல் ஒரு பனிக்குச்சி தாரை வந்த வழியே எதிர்த்து வளரத் தொடங்கியது. கேமராத் திரையில் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், அரை நிமிஷத்தில் அது துவாரத்தைத் தொட்டுவிட்டது. குவார்ட்ஸ் குழாயின் நுனி உடைந்து, தண்ணீர் உள்ளே சிதறி, அழுத்தம் ஏறி, பம்புகள் ஒவ்வொன்றாக அணைந்தன. கதிர்க்கற்றை எங்களுக்கு ஒதுக்கியிருந்தது ஒரு வாரம். அதில் ஒன்றரை நாள் அறையை உலர்த்துவதிலேயே போனது. அன்றிலிருந்து எந்த அளவீட்டிலும் திரையில் அந்தத் தாரையிலிருந்து கண்ணை எடுத்ததில்லை.

கதிர்_மதுரை:

நான் ஒரு புற்றுநோய்ச் சிகிச்சைப் பிரிவில் மருத்துவ இயற்பியலாளர். இந்த விஷயம் எங்கள் வேலையின் அடிப்படை. எக்ஸ் கதிர் கொடுக்கும்போது டிஎன்ஏ-வுக்கு ஏற்படும் சேதத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நேரடியாக வருவதில்லை, தண்ணீர் வழியாக வருகிறது. கதிர் நீர் மூலக்கூறிலிருந்து எலெக்ட்ரானைப் பிடுங்குகிறது. மிஞ்சும் நீர் அயனி பக்கத்து மூலக்கூறுக்கு ஒரு புரோட்டானைக் கொடுத்துவிட்டு ஹைட்ராக்சில் தனி உறுப்பாக, அதாவது ஃப்ரீ ராடிக்கலாக மாறுகிறது. டிஎன்ஏ-வை அறுப்பது அதுதான்.

அந்தப் புரோட்டான் தாவல் 46 ஃபெம்டோ செகண்டில் நடக்கிறது என்று 2020-இல் எலெக்ட்ரான் நிறமாலை மூலம் அளந்துவிட்டார்கள். பாடப்புத்தகத்தில் 'உடனடியாக' என்று ஒரே சொல்லில் கடந்துபோன இடத்துக்கு இன்று ஒரு எண் கிடைத்திருக்கிறது. படித்த அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

யாழ்_வேதியியல்:

கதிர் அண்ணை, ஒரு சின்னத் திருத்தம். 46 பெம்டோ செக்கன், கூட்டிக் குறைச்சு 10, எண்ட எண் சரிதான். ஆனா அது இலத்திரனை, நீங்கள் சொல்லுற எலெக்ட்ரானை, அளந்து வந்ததில்லை. கலிபோர்னியாவில இருக்கிற எல்சிஎல்எஸ் எக்ஸ் கதிர் லேசரில செய்த எக்ஸ் கதிர் உறிஞ்சல் அளவீடு அது. சாதாரண நீர் 535 இலத்திரன் வோல்ட்டுக்கு (இந்த அளவில சக்தியைச் சொல்லுற அலகு) கிட்டத்தான் எக்ஸ் கதிரை உறிஞ்சத் தொடங்கும். ஐதரொட்சில் 526-இலேயே உறிஞ்சும். நீர் ஒண்டும் செய்யாத அந்த வெளியான இடத்தில ஒரு உச்சி எழும்பினா, அது ஐதரொட்சில்தான் எண்டு சந்தேகமில்லாமச் சொல்லலாம். அதுதான் அந்த முறையின் பலம்.

இலத்திரனை நேராக அளந்து நேரத்தைப் பிடிச்ச கதை வேறை. நீருக்குள்ள விடுபட்ட இலத்திரன் நீர் மூலக்கூறுகளுக்கு நடுவில ஒரு குழி தோண்டிக் குடியிருக்கும். 1962-இல ஹார்ட், போக் எண்ட ரெண்டு பேர் அதின்ர உறிஞ்சல் நிறமாலையைப் பிடிச்சினம். உச்சி 720 நானோமீற்றரில, சிவப்புக்குக் கிட்ட. அதை ஒரு லேசர்த் துடிப்பால மேல்நிலைக்குத் தூக்கி, ரெண்டாவது துடிப்பால நீரை விட்டு வெளியில தள்ளி, வெளியில வந்ததின்ர சக்தியை அளந்தா, முதல் துடிப்புக்குப் பிறகு அது எந்த நிலையில இருந்தது எண்டு தெரியும். ரெண்டு துடிப்புக்கும் இடையில உள்ள நேரத்தை மாத்தி மாத்திச் செய்ய வேணும். 2013-இல பேர்க்லியில நியூமார்க் குழு இப்பிடிச் செய்து, மேல்நிலை 75 பெம்டோ செக்கனில கீழ இறங்குது எண்டு காட்டிச்சினம்.

கதிர்_மதுரை:

திருத்தத்துக்கு நன்றி தம்பி. இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படியானால் புரோட்டான் தாவலை எலெக்ட்ரான் நிறமாலையில் பார்க்கவே முடியாதா?

துளித்தாரை:

முடியும். அதுவும் லேசரே இல்லாமல். இந்தத் துறையிலேயே எனக்கு மிகவும் பிடித்த அளவீடு இது, அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

ஆக்சிஜனின் உள்கூட்டு எலெக்ட்ரான் திரவ நீரில் 538 எலெக்ட்ரான் வோல்ட் ஆழத்தில் இருக்கிறது. எக்ஸ் கதிரால் அதைப் பிடுங்கினால் உள்ளே ஒரு காலியிடம். மேலிருந்து ஒரு எலெக்ட்ரான் இறங்கி அதை நிரப்பும். அப்போது மிஞ்சும் ஆற்றலை எடுத்துக்கொண்டு இன்னொரு எலெக்ட்ரான் 500 எலெக்ட்ரான் வோல்ட் அளவு வேகத்தோடு வெளியே பாயும். இதற்கு ஓஜே எலெக்ட்ரான் என்று பெயர். காலியிடம் சராசரியாக 4 ஃபெம்டோ செகண்ட்தான் நீடிக்கும். அந்த 4 ஃபெம்டோ செகண்ட் மூலக்கூறுக்குள்ளேயே இருக்கும் கடிகாரம்.

ஓஜே எலெக்ட்ரான் போனதும் மிஞ்சுவது இரண்டு நேர்மின்னூட்டம். இரண்டும் ஒரே மூலக்கூறில் அடைபட்டிருந்தால் ஒன்றையொன்று கடுமையாகத் தள்ளும். அந்தத் தள்ளலுக்குச் செலவான ஆற்றல் எலெக்ட்ரானின் கணக்கில் கழியும். ஆனால் அந்த 4 ஃபெம்டோ செகண்டுக்குள் ஒரு புரோட்டான் பக்கத்து மூலக்கூறை நோக்கி நகர்ந்திருந்தால்? மின்னூட்டங்கள் விலகி நிற்கும், தள்ளல் குறையும், எலெக்ட்ரான் கூடுதல் ஆற்றலோடு வெளியே வரும். நிறமாலையின் உயர் ஆற்றல் பக்கத்தில் ஒரு தோள்பட்டைபோல் தெரியும்.

அந்தத் தோள்பட்டை புரோட்டானால்தான் வந்தது என்று எப்படி நிச்சயம் செய்வது? அதே சோதனையைக் கன நீரில், அதாவது ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்டிரியம் உள்ள நீரில், செய்தார்கள். டியூட்டிரியத்தின் நிறை இரண்டு மடங்கு, அதே விசையில் மெதுவாக நகரும். எலெக்ட்ரான் அமைப்பில் வேறு எந்த மாற்றமும் இல்லை. கன நீரில் தோள்பட்டை இளைத்துவிட்டது! 2013-இல் வின்டர் குழுவும், அவர்களோடு சேர்ந்த கோட்பாட்டாளர்களும் இதை வெளியிட்டார்கள். ஓஹெச் பிணைப்பு ஒருமுறை அதிர்ந்து முடிக்கவே 10 ஃபெம்டோ செகண்ட் ஆகும். அதில் பாதிகூட ஆகாத நேரத்தில் புரோட்டான் நகர்ந்த தூரத்தை ஒரு வளைவின் ஓரத்திலிருந்து படித்துவிட்டார்கள். அந்த இரண்டு வளைவுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக முதன்முதலில் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

இந்த 4-ஐயும் அந்த 46-ஐயும் ஒப்பிடக் கூடாது. 46 வெளிக்கூட்டு எலெக்ட்ரான் போன அயனிக்கு உரியது. இது உள்கூட்டில் ஓட்டை விழுந்த அயனி. இதில் புரோட்டானை வெளியே தள்ளும் விசை மிக அதிகம்.

கதிர்_மதுரை:

அருமை மேடம். இதோடு ஒட்டிய இன்னொன்றும் எங்களுக்கு முக்கியம். ஹைடல்பர்க்கின் செடர்பௌம் 1997-இல் ஒரு கணிப்பு சொன்னார். ஒரு மூலக்கூறில் விழுந்த ஓட்டை நிரம்பும்போது மிஞ்சும் ஆற்றல் பக்கத்து மூலக்கூறுக்குத் தாவி, அங்கிருந்து ஒரு எலெக்ட்ரானை வெளியேற்றும் என்று. 2010-இல் இரண்டு குழுக்கள் இதை நீர் மூலக்கூறுகளில் பார்த்தன, ஒன்று ஜோடிகளில், மற்றொன்று கொத்துகளில். அப்படி வரும் எலெக்ட்ரானுக்கு ஆற்றல் குறைவு. குறைவுதானே என்று விட்டுவிட முடியாது. 3 முதல் 20 எலெக்ட்ரான் வோல்ட் எலெக்ட்ரான்களே டிஎன்ஏ இழையை அறுக்கும் என்று கனடாவின் சான்ஷ் குழு 2000-இல் காட்டியது. அந்த எலெக்ட்ரான்கள் நோயாளியின் செல்லுக்குள் எத்தனை பிறக்கின்றன என்பது எங்கள் டோஸ் கணக்கில் இன்னும் சரியாக ஏறவில்லை. ஏற வேண்டும் என்பது என் ஆசை.

யாழ்_வேதியியல்:

எனக்கு ஒரு இடத்தில முழு நம்பிக்கை வரேல்லை. நீருக்குள்ள குடியிருக்கிற இலத்திரனின் பிணைப்புச் சக்தியை, அதாவது அதை வெளியில எடுக்கத் தேவையான சக்தியை, 2010-இல பல குழுக்கள் தாரை முறையால அளந்திச்சினம். 3.3 இலத்திரன் வோல்ட் எண்டு சிலர், 3.6 எண்டு சிலர். ஒரு குழு மேற்பரப்பில 1.6 இலத்திரன் வோல்ட்டில இன்னொரு வகை இருக்கெண்டும் சொல்லிச்சு, மற்றக் குழுக்கள் தேடியும் அது திரும்பக் கிடைக்கேல்லை. ஒரே நீர், ஒரே இலத்திரன், ஏன் இத்தனை எண்? வெளியில வந்த இலத்திரன் சொல்லுறதை அப்பிடியே எடுக்கலாமோ?

துளித்தாரை:

எடுக்கக் கூடாது. இந்தத் துறையின் மிகப் பெரிய சிக்கலில் கை வைத்துவிட்டீர்கள்.

எலெக்ட்ரான் தண்ணீருக்குள் பிறந்து மேற்பரப்பு வரை நடந்து வர வேண்டும். நடக்கும் வழியில் நீர் மூலக்கூறுகளை இடித்து அதிரவைக்கும். மூலக்கூறு வளையும் அதிர்வுக்கு ஒவ்வொரு தடவையும் 0.2 எலெக்ட்ரான் வோல்ட், பிணைப்பு நீளும் அதிர்வுக்கு 0.42. நூறு எலெக்ட்ரான் வோல்ட்டோடு போகிறவனுக்கு இது சில்லறை. ஒன்றிரண்டு வோல்ட்டோடு போகிறவனுக்கு முழுச் சொத்தே அதுதான். ஆகவே மெதுவான எலெக்ட்ரானின் நிறமாலை பிறந்த உருவத்தில் வெளியே வருவதில்லை. எந்த ஆற்றலுள்ள லேசரால் தள்ளினோம் என்பதைப் பொறுத்து எண்ணும் மாறும்.

2017-இல் சூரிச்சின் சிக்னோரெல், கியோட்டோவின் சுசுகி குழுக்கள் சேர்ந்து, இந்தச் சிதறல்களை எல்லாம் கணக்கில் கொண்டுவந்து பின்னோக்கிக் கணித்தார்கள். கிடைத்த மெய்யான பிணைப்பாற்றல் 3.7, பிழை 0.1. பழைய எண்கள் தவறான வேலையில் வந்தவை இல்லை. வழியில் தொலைந்த ஆற்றலை அப்போது யாரும் கணக்கில் கூட்டவில்லை.

சாதாரண நீரின் விஷயத்திலும் இதே கதை. அதன் வெளிக்கூட்டு எலெக்ட்ரானின் பிணைப்பாற்றல் 2004-இல் 11.16 எலெக்ட்ரான் வோல்ட் என்று வந்தது. மின்னூட்டம், ஆற்றல் அளவின் பூச்சியப்புள்ளி ஆகியவற்றைக் கவனமாக நிறுத்தி 2021-இல் அளந்தபோது 11.33. அந்த 0.17-க்காகப் பல பேர் பல வருஷம் உழைத்தார்கள். என் கண்ணில் அது பெரிய எண்.

பிளஸ்டூ_முகில்:

அக்கா, நான் பிளஸ்டூ படிக்கிறேன். படிச்சுட்டே வரும்போது ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். தாரை 20 மைக்ரோமீட்டர். தண்ணிக்குள்ள ஒளி 1.33 மடங்கு மெதுவா போகும். அப்ப தாரையைக் கடக்கவே ஒளிக்கு 89 ஃபெம்டோ செகண்ட் ஆகுது. முன்பக்கத்துல புரோட்டான் தாவி முடிச்ச பிறகுதான் பின்பக்கத்துக்கு ஒளியே போய்ச் சேருது. பிறகு எப்படி 46-ன்னு சொல்ல முடியும்? நான் எங்கயாவது தப்பா போட்டுட்டேனா?

துளித்தாரை:

தம்பி, கணக்கு முழுக்கச் சரி. ஆய்வுக்கு வந்த முதல் வருஷம் நானும் இதே இடத்தில் நின்றுதான் யோசித்தேன்.

முதல் துடிப்பும் இரண்டாவது துடிப்பும் ஒரே திசையில் ஒன்றன்பின் ஒன்றாகப் போகின்றன. ஒரே தெருவில் இரண்டு பஸ் ஐந்து நிமிஷ இடைவெளியில் ஒரே வேகத்தில் போனால், தெருவின் இந்த முனையில் நின்றாலும் அந்த முனையில் நின்றாலும் இடைவெளி ஐந்து நிமிஷம்தானே? அதுபோலத் தண்ணீரின் ஒவ்வொரு அடுக்கும் தன் கடிகாரத்தை முதல் துடிப்பு வந்த நொடியில் தொடங்குகிறது. பிரச்சினை வருவது இரண்டு துடிப்பும் வேறு வேறு வேகத்தில் போனால்தான். 46-ஐ அளந்த சோதனையில் நீரை அயனியாக்கிய முதல் துடிப்பு அகச்சிவப்பு ஒளி, அளந்த இரண்டாவது துடிப்பு எக்ஸ் கதிர்; தண்ணீரில் இரண்டின் வேகமும் ஒன்றில்லை. அதனால் அந்த 2020 சோதனையில் உருண்டைத் தாரையை விட்டுவிட்டுத் தாளைப்போல் தட்டையான மெல்லிய நீர்த்திரையைப் பயன்படுத்தினார்கள். கடக்க வேண்டிய தூரம் குறைந்தால் வேக வித்தியாசத்தால் வரும் பிழையும் குறையும்.

எலெக்ட்ரானை அளக்கும்போது இந்தக் கவலை தானாகவே விலகிவிடும். வெளியே வரும் எலெக்ட்ரான்கள் மேற்பரப்பின் சில நானோமீட்டருக்குள் பிறந்தவை. அதைவிட ஆழத்தில் பிறந்தவை ஆற்றலைத் தொலைத்துவிடும். 5 நானோமீட்டரைக் கடக்க ஒளிக்கு எவ்வளவு நேரம் என்று நீயே போட்டுப் பார்.

பிளஸ்டூ_முகில்:

0.02 ஃபெம்டோ செகண்ட் வருது அக்கா. அப்ப அது 20 அட்டோ செகண்ட்!

துளித்தாரை:

அதேதான். அந்த அளவையும் இப்போது தொட்டுவிட்டார்கள். திரவ நீரிலிருந்து எலெக்ட்ரான் கிளம்புவது தனி நீர் மூலக்கூறிலிருந்து கிளம்புவதைவிட 50 முதல் 70 அட்டோ செகண்ட் தாமதம் என்று சூரிச்சின் வோர்னர் குழு 2020-இல் அளந்தது. சுற்றி நிற்கும் நீர் மூலக்கூறுகள்தான் அந்தத் தாமதத்துக்கு முக்கியக் காரணம் என்பது அவர்கள் முடிவு. கல்லூரிக்குப் போனதும் அதைத் தேடிப் படி, உனக்குப் பிடிக்கும்.

தாமிரபரணி_ஆசிரியர்:

ஒரு கேள்வியைப் போட்டுவிட்டுப் போனேன், வந்து பார்த்தால் இவ்வளவு! எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. கடைசியாக ஒன்று. அந்த மாணவிக்குப் பலகையில் எழுத ஒரே ஒரு எண் வேண்டும். உலோகத்தின் வெளியேற்று ஆற்றலுக்குப் பக்கத்தில் தண்ணீருக்கு 11.33 என்று எழுதலாமா?

துளித்தாரை:

எழுதலாம் சார், ஒரு குறிப்போடு. 11.33 நிறமாலையில் உச்சி இருக்கும் இடம். எலெக்ட்ரான் அதற்குக் கொஞ்சம் கீழேயே வரத் தொடங்கிவிடும், ஏனென்றால் திரவத்தில் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் சுற்றுப்புறம் வேறு. தனி நீர் மூலக்கூறுக்கு அதே எண் 12.6. பக்கத்தில் துத்தநாகத்துக்கு 4.3 என்று எழுதினால் வித்தியாசம் அவளுக்கே தெரியும்.

தாமிரபரணி_ஆசிரியர்:

எலெக்ட்ரான் வோல்ட்டை ஒளியின் அலைநீளமாக மாற்ற 1240-ஐ அதனால் வகுக்க வேண்டும்; 1240-ஐ 11.33-ஆல் வகுத்தால் 109 நானோமீட்டர். அந்த அலைநீளத்தைக் காற்றே விழுங்கிவிடும், ஆகவே விளக்கும் வெற்றிடத்துக்குள்தான் இருக்க வேண்டும். நாளை முதல் பீரியட் அந்த வகுப்புதான். வகுத்தலை அவளையே பலகையில் போடச் சொல்லிவிட்டு, அப்புறம் தாரையின் கதையைத் தொடங்குகிறேன்.